கவருக்குள் பார்த்த வருடம்

எங்கள் கரையில் ஒரு படகு இஞ்சினின் வயதைக் கேட்பவர்கள் வருடத்தைக் கேட்பதில்லை. "சண்டைக்கு முந்தினதோ, பிந்தினதோ?" என்றுதான் கேட்பார்கள். முந்தியது என்றால் அது பெரும்பாலும் மண்ணுக்குள் கிடந்த இஞ்சின். சண்டையின் கடைசி மாதங்களில் சனம் இஞ்சினைச் சாக்கில் சுற்றி, குழி வெட்டிப் புதைத்துவிட்டு ஓடியது. திரும்பி வந்து கிண்டி எடுத்தது. உரஞ்சிப் பெயின்ற் அடித்துச் சிலர் ஓட்டினார்கள், சிலர் விற்றார்கள். உப்பு மண்ணில் கிடந்த அலுமினியம் உள்ளே பொரிந்து போயிருக்கும். வெளியே மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டு நிற்கும். கரை தெரியாத தூரத்துக்குப் போனபின் நின்றுவிடும்.

நான் புதுக்குடியிருப்பில் இஞ்சின் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். விசுவமடு, உடையார்கட்டுப் பக்கத்து வயல்காரர் தண்ணீர்ப் பம்பு கொண்டு வருவார்கள். கடற்கரைச் சனம் படகு இஞ்சின் கொண்டு வரும். பம்பு எனக்குச் சோறு போட்டது. படகு இஞ்சின் எனக்குத் திமிர் தந்தது. எந்த மொடல், எத்தனை குதிரைவலு, எத்தனை வயது என்று பார்த்தவுடன் சொல்லுவேன். கைப்பிடி மடங்குகிற விதம், இஞ்சினை மூடும் கவரைப் பூட்டும் கொளுக்கி இரும்பா றப்பரா, தண்ணீர் துப்பும் ஓட்டை எங்கே இருக்கிறது, பெயின்றைச் சுரண்டினால் கீழே என்ன நிறம் என்று பத்துப் பன்னிரண்டு அடையாளம் வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் நிச்சயமான அடையாளம் உள்ளே இருக்கிறது. பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும்போதே உள்பக்கத்தில் ஒரு வட்டம் பதித்துவிடுவார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான். நடுவில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், சுற்றிவரப் பன்னிரண்டு மாதம், மாதத்தைக் காட்ட ஓர் அம்புக்குறி. கவரை மட்டும் யாரும் மாற்றிப் பூட்டலாம். கவரிலும் காற்றுப் பெட்டியிலும் கொயில் மூடியிலும் ஒரே வருடம் இருந்தால் அந்த இஞ்சின் அந்த வருடத்தில் பிறந்ததுதான்.

இதைவிட ஒரு தகடும் இருக்கும். இஞ்சினைப் படகில் பூட்டும் தாங்கியில், மொடலும் நம்பரும் அடித்து அறைந்திருப்பார்கள். வெளியூர்க்காரன் முதலில் அதைத்தான் பார்ப்பான். நாங்கள் பார்ப்பதில்லை. சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது கடலுக்குப் போகப் பாஸ் வேண்டியிருந்தது. பாசுக்கு இஞ்சின் நம்பர் வேண்டியிருந்தது. கிண்டி எடுத்த பழைய இஞ்சினின் தகட்டைக் காட்டிச் சனம் பாஸ் எடுத்தது. பிறகு அந்த இஞ்சின் செத்துப்போனது. ரசீது இல்லாமல் கைமாறி வந்த இன்னொன்றை வாங்கி, அதைப் பதிய நடந்து களைத்து, கடைசியில் பழைய தகட்டைக் கழற்றிப் புதிய இஞ்சினில் அறைந்துவிட்டுக் கடலுக்குப் போனது. கரையில் பாதி இஞ்சின் இப்படித்தான் ஓடுகிறது. அதனால் எந்த மெக்கானிக்கும் நாலு பேர் நடுவில் ஒருவனுடைய தகட்டை வாசிக்க மாட்டான். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. நான் அதை ஒருமுறை மீறினேன். வேண்டுமென்றே மீறினேன்.

கரையில் ஒரு மனிதர் இருந்தார். அப்போதே அறுபதை நெருங்கியவர். மனைவி செத்துவிட்டார், ஒரே மகள். முன்பு அவர் வைத்திருந்த ஓர் இஞ்சின் திருத்த வேலைக்கு என்னிடம் வந்தபோது, அதிலிருந்த நல்ல காபுரேற்றரைக் கழற்றி வைத்துக்கொண்டு, பழையது ஒன்றைப் பூட்டிக் கொடுத்தேன். செய்யக்கூடாததுதான். செய்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் வந்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். மனிதர் மீன்பிடிச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, "அவரிட்ட இஞ்சினைக் குடுத்தால் இஞ்சின்ர ஆவிதான் திரும்பி வரும்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் அங்கேதான் பின்வரிசையில் இருந்தேன். பொய் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். அவர் சொன்னது உண்மை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதன்பிறகு அவர் என் கடைப் பக்கம் வரவில்லை. வேறு இஞ்சின் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். அதை நான் கண்டதில்லை. மூன்று வருடம் போயிற்று.

ஒருநாள் காலை நடுத்தர வயதுப் பெண் ஒருவர் கடைக்கு வந்தார். பக்கத்து ஊர்க்காரி, மீன்பிடிக் குடும்பம். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தம்பி, என்ர மகனுக்கு ஒரு இடம் சரிவந்திருக்கு. பெடியனும் பிள்ளையைப் பாத்துக் கதைச்சவன், நல்ல விருப்பம். எங்களிட்டப் போட் கிடக்கு, இஞ்சின் இல்லை. அவையள் சீதனமா இஞ்சின் தாறினமாம். நாலு வருசத்து இஞ்சினாம். நீங்கள் ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சரி எண்டால் அண்டைக்கே நாள் வைக்கிறம்."

"பிழையெண்டால்?"

"மண்ணுக்குள்ள கிடந்ததெண்டால் எழும்பி வந்திடுவன். என்ர மனுசன் அப்பிடி ஒரு இஞ்சினை நம்பிப் போனவர்தான். போட்டும் வரேல்லை, ஆளும் வரேல்லை. மகனையும் விட ஏலாது."

யாருடைய வீடு என்று கேட்டேன். சொன்னார். சங்கக் கூட்டத்தில் என்னைப் பகிடி பண்ணிய அதே மனிதர். எனக்கு விருந்துச் சோறு கிடைத்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை வாறன் அக்கா என்றேன்.

அந்தப் பெண்பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயது என்று எனக்குத் தெரியும். அதற்கு முன் மூன்று இடம் பேசிக் குழம்பியதும் தெரியும். கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. சீதனமாகக் கொடுக்க அந்த வீட்டில் அந்த இஞ்சினைத் தவிர ஒன்றும் இல்லை. அதைக் கொடுத்துவிட்டுத் தகப்பன் இன்னொருவர் படகில் கூலிக்கு ஏறத் தயாராக இருந்தார். எல்லாம் தெரிந்துதான் சனிக்கிழமை தலைவாரிக்கொண்டு போனேன்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. முற்றத்தில் தறப்பாள் இழுத்துக் கட்டி, பாதியாக வெட்டிய நீலப் பிளாஸ்டிக் பரலில் தண்ணீர் நிரப்பி, மரச் சட்டத்தில் இஞ்சினைப் பூட்டி வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகளில் மாப்பிள்ளைப் பெடியன், தாய், தாயின் தம்பி. அந்தத் தம்பிக்காரர் அரசாங்க உத்தியோகத்தர். படகு, இஞ்சின் பதிவுகள் அவருடைய மேசையால்தான் போகும். பெண்ணின் தகப்பன் வேட்டி கட்டி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இஞ்சின் பார்க்க வந்த மெக்கானிக் நான்தான் என்று கண்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும், "வாரும் தம்பி, இரும்" என்றார்.

நான் இருக்கவில்லை. கயிற்றை ஒரு இழுவை இழுத்தேன். பிடித்துக்கொண்டது. தண்ணீரைத் தடங்கல் இல்லாமல் துப்பியது. சத்தத்தைக் கேட்டே எனக்கு விளங்கிவிட்டது. நிறுத்திவிட்டுக் கவரைக் கழற்றினேன். உள்ளே குசினிப் பாத்திரம் மாதிரிச் சுத்தமாக இருந்தது, உப்பு ஒரு பொட்டும் இல்லை. கவரில் வட்டத்தைப் பார்த்தேன். காற்றுப் பெட்டியில் பார்த்தேன். கொயில் மூடியில் பார்த்தேன். மூன்றிலும் ஒரே வருடம். மனிதர் ஒரு மாதத்தைக்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. நாலு வருடத்து இஞ்சின். அதுவும் அருமையான இஞ்சின்.

கவரைத் திரும்பப் பூட்டினேன். குனிந்து தாங்கியைப் பார்த்தேன். தகட்டின்மேல் பெயின்ற் தடிப்பாக அடித்திருந்தது. திருப்புளியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினேன்.

"தம்பி, அதேன் அதைச் சுரண்டுறீர்?" என்றார் தகப்பன்.

"மொடல் பாக்க வேணுமே அண்ணை."

அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு அடி முன்னுக்கு வந்தார், நின்றார். நான் அவசரப்படாமல் ஆறுதலாகச் சுரண்டினேன். எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் வாசிப்பதுபோல மொடலையும் நம்பரையும் உரத்து வாசித்தேன். பிறகு நிமிர்ந்து, "இது சண்டைக்கு முதலே நிப்பாட்டின மொடல்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தகடு அப்படித்தான் சொன்னது.

தகப்பன் வாயைத் திறந்தார். அவருடைய கண் உத்தியோகத்தர் பக்கம் போயிற்று. வாயை மூடினார். தகடு மாற்றியது என்று சொன்னால் இஞ்சின் புதிது என்று ஆகிவிடும், கலியாணம் நடக்கும். ஆனால் பதிவு பார்க்கிற ஆளின் முன்னால், பதிவை ஏமாற்றினேன் என்று தன் வாயால் சொன்னதாகவும் ஆகிவிடும். பாஸ் போகும், கூலிக்குக்கூடக் கடலில் இறங்க முடியாது. மனிதர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வியர்த்தார். உத்தியோகத்தர் முற்றத்து மாமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது.

அந்த நேரம் மகள் தேத்தண்ணித் தட்டத்தோடு வெளியே வந்தாள். நான் வாசித்தது உள்ளே கேட்டிருக்கிறது. தட்டத்தை ஒரு கதிரையில் வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணை, தகட்டை விடுங்கோ. கவரைக் கழட்டிப் பாத்தனீங்கள்தானே. உள்ளுக்கு வட்டத்தில என்ன வருசம் கிடந்தது? அதைச் சொல்லுங்கோ."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அந்த வட்டத்தைப் பற்றி அறிந்த மெக்கானிக்குகளே இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர்தான். அவள் ஒவ்வொரு நாளும் தகப்பன் கரைக்கு வந்தபின் நல்ல தண்ணீர் ஊற்றி இஞ்சினைக் கழுவுகிறவள். கழுவக் கழுவத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

"பிள்ளை, நீ உள்ள போ" என்றார் தகப்பன். அவர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. மகளும் என்னைப் பார்த்தாள். சொல் என்று அவள் நின்றாள். மாப்பிள்ளைப் பெடியன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாய் என்னைப் பார்த்து, "சொல்லுங்கோ தம்பி, உள்ளுக்கு எப்பிடி?" என்றார்.

"நல்ல இஞ்சின் அக்கா, பயப்பிடாமல் வாங்குங்கோ" என்று சொன்னால் போதும். வருடத்தைக்கூடச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அது தெரியாமல் இல்லை. மூன்று வருடமாக என் காதில் கிடந்த சிரிப்பு அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"உள்ளுக்கும் பழசுதான்" என்றேன். "மண்ணுக்குள்ள கிடந்த இஞ்சின்."

அவள் கவரின் கொளுக்கியில் கை வைத்தாள். திறந்து காட்டப் போகிறாள் என்று நினைத்தேன். தகப்பன் பாய்ந்து வந்து அவளுடைய கையைப் பிடித்தார். "விடு" என்றார். "விடப்பா" என்றாள் அவள். "விடு எண்டால் விடு!" என்று அவர் கத்தினார். அவள் கையை எடுத்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய் எழும்பினார். அழுதுவிடுவார் போல இருந்தது.

"என்ர மனுசனுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் இதையோ அண்ணை என்ர பிள்ளைக்குத் தரப் பாத்தனீங்கள்?"

தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை. மூன்று பேரும் போனார்கள். பெடியன் படலையடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பார்த்து என்ன பிரயோசனம்? தாய் கூப்பிட, போய்விட்டான். மகள் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. இனி எந்தக் கூட்டத்தில் எழும்பி நின்று என்ன பகிடி விடுவாய் என்று மனதுக்குள் கேட்டேன்.

மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது தகப்பன் பின்னால் ஓடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் உம்மைப் பற்றி ஒருக்கால் கூடாமல் கதைச்சனான். நீர் அதை மனசில வைச்சிருக்கேல்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அந்தாள் பதிவு பாக்கிற ஆள். உள்ளுக்குப் புதுசு எண்டு நீர் சொல்லியிருந்தால் தகடு மாத்தினது பிடிபட்டிருக்கும். கலியாணம் இண்டைக்கு இல்லாட்டி இன்னொரு நாள் நடக்கும். பாஸ் போனால் கஞ்சிக்கும் வழியில்லை. தகட்டை ஏன் சுரண்டுறீர் எண்டு முதல் கோபம் வந்ததுதான். பிறகுதான் விளங்கினது, உத்தியோகத்தருக்குச் சந்தேகம் வராமல் இருக்கச் செய்யிறீர் எண்டு. எங்களைக் காப்பாத்திப்போட்டீர் தம்பி."

அவருடைய கை சூடாக இருந்தது. "பரவாயில்லை அண்ணை" என்றேன். வட்டுவாகல் பாலத்தைத் தாண்டும்போது அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கே பட்டது. புதுக்குடியிருப்புக்கு வந்து சேர்வதற்குள் நான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதன் ஆகிவிட்டேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அந்த உத்தியோகத்தர் தன் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் பம்பைக் கழற்றிக்கொண்டிருக்க, அவர் கதையோடு கதையாக ஆரம்பித்தார்.

"பாவம் அந்தப் பிள்ளை. எங்கட பெடியன் இன்னும் சோகத்திலதான் திரியிறான்."

"தகட்டைப் பாத்தீங்கள்தானே" என்றேன்.

"தகட்டை ஆர் பாத்தது? என்ர மனுசியின்ர தமையன்ர இஞ்சினிலயும் பழைய தகடுதான். அதைப் பாக்க வெளிக்கிட்டால் இந்தக் கரையில ஒருத்தரும் கடலுக்குப் போக ஏலாது. நான் ஏன் அண்டைக்கு மாமரத்தைப் பாத்துக்கொண்டிருந்தனான் எண்டு நினைக்கிறீங்கள்? நீங்கள் உள்ளுக்கும் பழசு எண்டு சொன்னீங்களே, அதாலதான் அக்கா எழும்பினவா. நீங்கள் சொன்னால் சரியாத்தானே இருக்கும்."

என் கையில் ஸ்பனர் இருந்தது. பெடியனுக்கு வேறு இடம் அப்போது பேசவில்லை. நான் பொய் சொன்னேன் என்று ஒரு வசனம் சொன்னால் அவர் அந்த இடத்திலேயே அக்காவுக்குப் போன் எடுத்திருப்பார். ஆனால் அதன்பிறகு என் வாய்ச்சொல்லை நம்பி யார் இஞ்சின் வாங்குவான்? கூட்டத்தில் இன்னொருமுறை எல்லோரும் சிரிப்பார்கள். நான் பம்பின் ஆணியை இறுக்கினேன். "என்ன செய்யிறது, அவையின்ர விதி" என்றேன்.

பெடியன் அந்த வருடமே வேறு இடத்தில் கலியாணம் செய்தான். மண் இஞ்சினை மாப்பிள்ளை தலையில் கட்டப் பார்த்த வீடு என்று கதை கரை முழுக்கப் பரவியது. பிறகு அந்த வீட்டுப் படலையைத் தட்டி யாரும் சம்பந்தம் பேசப் போகவில்லை. அந்த மண் இஞ்சினோ ஒரு நாளும் இடையில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தாளுக்கு அதிர்ஷ்டம் என்று கரையில் சொல்லிக்கொள்கிறார்கள்.

அடுத்த மாரி முடிந்து கடல் அடங்கியபோது தகப்பன் ஒரு பை நிறைய மீனோடு கடைக்கு வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மாதா மாதம் கொண்டு வந்தார். பிறகு அவருக்கு முழங்கால் வீங்கியது. கடலுக்குப் போகிற அளவுக்குத்தான் கால் ஒத்துழைத்தது, பஸ் ஏறி இறங்க முடியவில்லை. அதனால் ஒருநாள் மகள் வந்தாள். மேசையில் பையை வைத்தாள்.

"அப்பா தந்துவிட்டவர்."

கடையில் வேறு ஒருவரும் இல்லை. கேட்காமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீர் அப்பாவுக்குச் சொல்லேல்லையோ?"

"எதை?"

"நான் அண்டைக்குச் சொன்னது..."

"பொய் எண்டோ? இஞ்சின் புதுசு எண்டு அவருக்குத் தெரியும். உங்களைத்தான் அவருக்குத் தெரியாது." அவள் குரலை உயர்த்தவில்லை. "தன்ர கையாலதான் என்ர கையைப் பிடிச்சு நிப்பாட்டினவர். ஒரு நல்ல மனுசன் காட்டின வழி எண்டு நினைச்சுத்தான் நித்திரை கொள்ளுறார். இல்லை எண்டு நான் சொன்னால், தான்தான் மகளின்ர வாழ்க்கையைக் கெடுத்தது எண்டு கிடந்து சாவார். அவர் இருக்குமட்டும் நீங்கள் நல்லவராவே இருங்கோ."

"எனக்கு இந்த மீன் வேண்டாம் பிள்ளை" என்றேன்.

"எடுங்கோ. திருப்பிக் கொண்டு போனால் ஏன் எண்டு கேப்பார்."

அவள் போகவில்லை. வெறும் பைக்காக நின்றாள். நான் மீனைச் சட்டியில் கொட்டினேன். பையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உதறிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் உள்ளே நாலு மூலையையும் பார்த்தாள். நன்றாகக் கழுவியிருந்தேன். மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, "அடுத்த மாசம் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.